எட்டு சர்வரை மூன்றாக்கிய கதை: பேட்ரோனியைக் கழற்றுவதற்கு முன் எடைபோட்ட நான்கு வழிகள்

எங்கள் டேட்டாபேஸ் மொத்தமே 140 ஜிபி. அதைத் தாங்கிக்கொண்டிருந்தவை எட்டு சர்வர்கள். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் ஓடுவதற்கு மூன்று, எந்த சர்வர் பொறுப்பில் இருக்கிறது என்ற குறிப்பைக் காக்கும் எட்சிடிக்கு மூன்று, வரும் இணைப்புகளைச் சரியான சர்வருக்குத் திருப்பிவிடும் ஹெச்ஏபிராக்ஸி முன்வாசலில் இரண்டு. புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பிக்கு இதைப் பலகையில் வரைந்து காட்டினேன். பெட்டிகளையும் அம்புக்குறிகளையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "இதுல டேட்டா எங்கண்ணா இருக்கு?"

கேலியில்லை, தெரியாமல்தான் கேட்டான். ஆனால் ஒன்று விழுந்தால் இன்னொன்று தானாக எடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு, அதாவது எச்.ஏ., நமக்குத் தேவைதானா என்ற பேச்சு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. அப்புறம் நான்கு வழிகளை எடைபோட்டோம். ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். கழற்றும்போது சில இடங்களில் கையையும் சுட்டுக்கொண்டோம். மூன்றையும் எழுதிவிடுகிறேன்.

இந்த எச்.ஏ.வை நடத்திய பேட்ரோனியைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஜெர்மனியின் இணைய ஆடை வணிக நிறுவனமான ஸலாண்டோவில் வளர்ந்த பைத்தான் புரோகிராம் அது. ஒவ்வொரு போஸ்ட்கிரெஸ் சர்வரிலும் காவலாளி மாதிரி உட்கார்ந்திருக்கும். புது டேட்டாவை எழுத அனுமதிக்கும் சர்வர் பிரைமரி, அதை அப்படியே நகலெடுத்துக்கொண்டிருப்பவை ரெப்ளிகா. "இப்போது நான்தான் பிரைமரி" என்று சொல்லும் ஒரு சாவி எட்சிடியில் இருக்கும். அதன் ஆயுள், அமைப்புகளை மாற்றாமல் விட்டால், 30 விநாடி. பிரைமரியில் இருக்கும் பேட்ரோனி 10 விநாடிக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கும். புதுப்பிக்காவிட்டால் மற்ற சர்வர்களில் ஒன்று பிரைமரி ஆகிவிடும். எட்சிடியை எட்ட முடியாமல் போனால் பிரைமரி தானே பதவி இறங்கி, எழுதுவதை நிறுத்திக்கொள்ளும். ஒரே நேரத்தில் இரண்டு பிரைமரி இருந்துவிடக் கூடாது அல்லவா, அதற்காக. நல்ல, யோசித்துச் செய்த ஏற்பாடு. அதில் எனக்குக் குறையே இல்லை.

குறை எங்கள் பக்கம்தான். கடைசி ஒன்றரை வருடத்தில் டேட்டாபேஸ் நின்றது மூன்று முறை. மூன்றிலும் எந்த டிஸ்க்கும் சாகவில்லை, எந்த சர்வரும் விழவில்லை. இரண்டு முறை எட்சிடி மெதுவானதால் நின்றது. அதன் மூன்று மெஷின்களும் இரவு பேக்கப் எழுதும் அதே ஸ்டோரேஜில் இருந்தன. எட்சிடி ஒவ்வொரு மாற்றத்தையும் டிஸ்க்கில் அழுத்தி எழுதிய பிறகே அடுத்த வேலைக்குப் போகும். அந்த எழுத்து 100க்கு 99 முறை 10 மில்லி விநாடிக்குள் முடிய வேண்டும் என்பது எட்சிடிக்குச் சொல்லப்படும் வழக்கமான அளவு. பேக்கப் ஓடும்போது எங்களுடையது அந்த எல்லையைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. தலைவரைத் தேர்ந்தெடுப்பது, தோற்பது, மறுபடி தேர்ந்தெடுப்பது என்று மூன்றும் சுற்றிக்கொண்டே இருக்க, பேட்ரோனி சாவியைப் புதுப்பிக்க முடியாமல் பிரைமரியை இறக்கிவிட்டது. மூன்றாவது முறை, சர்வர்கள் தங்களை அடையாளம் காட்டப் பயன்படுத்தும் சர்டிபிகேட் காலாவதி. மூன்று எட்சிடிக்கும் ஒரே நாளில் சர்டிபிகேட் போட்டிருந்தேன், ஒரே நாளில் மூன்றும் செத்தன. யாரைக் குறை சொல்ல, போட்டது நானே.

"ரிப்போர்ட் வருது, பில் போட முடியல" என்று பில்லிங்கிலிருந்து போன் வந்தபோது போஸ்ட்கிரெஸ் நல்ல ஆரோக்கியத்தோடு உட்கார்ந்திருந்தது. எழுதத்தான் அனுமதி இல்லை.

சரி, வழிகளுக்கு வருவோம். அதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது: எவ்வளவு நேரம் நின்றால் தாங்கும்? இதை டெக்னிக்கல் ஆட்கள் தங்களுக்குள்ளேயே முடிவு செய்வது வழக்கம். நாங்களும் அப்படித்தான் முதலில் 99.99 சதவீதம் என்று எழுதி வைத்திருந்தோம். அதாவது வருடத்துக்கு 53 நிமிடம்கூட நிற்கக் கூடாது. யார் கேட்டார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. இந்த முறை கணக்குப் பிரிவுக்கே போய்க் கேட்டேன்.

"மேடம், பகல்ல சிஸ்டம் எவ்வளவு நேரம் நின்னா தாங்கும்?"

"அரை மணி நேரம்னா டீ குடிச்சுட்டு வந்துடுவோம் தம்பி. மாசக் கடைசி மூணு நாள் மட்டும் கை வெச்சுடாதீங்க."

"கடைசி ஒரு நிமிஷத்துல போட்ட பில் காணாமப் போனா?"

"அதான் பேப்பர்ல இருக்கே. திரும்பப் போட்டுக்கலாம்."

இரண்டு நிமிடப் பேச்சு. பகலில் அரை மணி நேரம் நிற்கலாம், ஒரு நிமிட டேட்டா போகலாம். இரவில் எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. 99.9 சதவீதம் என்று வைத்தாலே வருடத்துக்கு 8 மணி 46 நிமிடம் கிடைக்கிறது. நாங்கள் யாரும் கேட்காத ஒன்றுக்காக எட்டு சர்வர் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

முதல் வழி: இருப்பதைச் சரிசெய்து வைத்துக்கொள்வது. எட்சிடிக்குத் தனி டிஸ்க், சர்டிபிகேட்டுகளுக்கு வெவ்வேறு தேதி, முன்கூட்டியே எச்சரிக்கை. பேட்ரோனி 3.0 முதல் 'ஃபெயில்சேஃப் மோடு' என்று ஒன்றும் வந்திருக்கிறது. எட்சிடி எட்டாமல் போனால் பிரைமரி உடனே இறங்காது. மற்ற உறுப்பினர்களை நேரடியாகக் கூப்பிட்டுக் கேட்டு, எல்லோரும் சரி என்றால் தொடரும். எங்கள் மூன்று தடங்கலையும் இது ஒன்றே அநேகமாகத் தடுத்திருக்கும். இதைப் படித்த அன்று முடிவை மாற்றிக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது.

தயங்கியது எதற்கென்றால், குழுவில் பேட்ரோனியைப் புரிந்துகொண்டு இரவில் எழுந்து சரிசெய்யக்கூடிய ஆள் ஒருவர். அது நான். நான் ஊருக்குப் போனால் பூஜ்யம். தானாக முடிவெடுக்கும் ஏற்பாடு தவறாக முடிவெடுக்கும்போது அதை அவிழ்க்க அதைவிட விவரமான ஆள் வேண்டும். புரோகிராமர்கள் தங்கள் கோடை வைக்கும் தளமான கிட்ஹப்பின் கதை இதற்குப் பொருந்தும். 2018 அக்டோபர் 21 அன்று அமெரிக்கக் கிழக்குக் கரையில் அவர்கள் நெட்வொர்க் 43 விநாடி துண்டிக்கப்பட்டது. அவர்களுடையது போஸ்ட்கிரெஸ் இல்லை, மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ். ஆர்கஸ்ட்ரேட்டர் என்ற கருவி, தன் விதிகளின்படி சரியாகவே, மேற்குக் கரை சர்வர்களைப் பிரைமரி ஆக்கிவிட்டது. இணைப்பு திரும்பியபோது இரண்டு கரையிலும் மற்றதில் இல்லாத டேட்டா. அதைச் சேர்த்து முடிக்கும்வரை சேவை தடுமாறிய நேரம் 24 மணி 11 நிமிடம். அவர்களிடம் அதை அவிழ்க்க ஆட்கள் இருந்தார்கள்.

இரண்டாவது வழி: தானாக மாறுவதை மட்டும் எடுத்துவிட்டு ரெப்ளிகாவை வைத்துக்கொள்வது. பிரைமரி ஒன்று, ரெப்ளிகா ஒன்று, பேக்கப் சர்வர் ஒன்று. பேட்ரோனி, எட்சிடி, ஹெச்ஏபிராக்ஸி எதுவும் கிடையாது. பிரைமரி போனால் ஒரு மனிதர் பார்த்து, ஆமாம் போய்விட்டது என்று உறுதிசெய்து, ரெப்ளிகாவைக் கையால் பதவி ஏற்றுவார். போஸ்ட்கிரெஸ் 12 முதல் அதற்கு ஒரு ஃபங்ஷனே இருக்கிறது, ஒரு வரி வேலை. ஹெச்ஏபிராக்ஸியின் வேலையை, அப்ளிகேஷனுக்குள் இருந்து டேட்டாபேஸோடு பேசும் டிரைவரே செய்யும்: இணைப்பு முகவரியில் இரண்டு சர்வரின் பெயரையும் கொடுத்து, 'எழுத அனுமதிக்கும் சர்வரை மட்டும் எடு' என்று சொன்னால் போதும். போஸ்ட்கிரெஸ் 10 காலத்திலிருந்தே இந்த வசதி இருக்கிறது. பல வருடமாக நடுவில் இரண்டு மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு இதைத் தாமதமாகப் படித்ததில் வெட்கம்தான்.

இதிலும் ஆபத்து உண்டு. முடிவெடுக்கும் பொறுப்பு மனிதர் கைக்கு வருகிறது, மனிதர் களைத்திருப்பார். கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லேப்பில் 2017 ஜனவரி 31 இரவு நடந்தது அதுதான். பின்தங்கிப்போன ரெப்ளிகாவை மறுபடி ஒத்திசைக்க முயன்ற பொறியாளர், அதில் அழிப்பதாக நினைத்து பிரைமரியின் டேட்டா டைரக்டரியை அழித்தார். ஓரிரு விநாடியில் புரிந்து நிறுத்தியபோது 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். கட்டளை தட்டும் இடமான பிராம்ப்டில் எந்த சர்வர் என்று பளிச்சென்று தெரியாத எந்த ஊரிலும் இது நடக்கும். எங்கள் பிரைமரியின் ஷெல் பிராம்ப்ட் இப்போது சிவப்பு நிறம்.

மூன்றாவது வழி: ரெப்ளிகாவும் வேண்டாம், ஒரே சர்வர், கூடவே ஒழுங்கான பேக்கப். போஸ்ட்கிரெஸ் எல்லா மாற்றத்தையும் முதலில் 'வால்' (WAL) என்ற பதிவுக் கோப்புகளில் எழுதும். ஒவ்வொன்றும் 16 எம்பி. அவற்றை உடனுக்குடன் வேறு சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தால், பழைய முழு பேக்கப்பின் மேல் அவற்றை ஓட்டி, விரும்பிய நிமிடத்துக்குத் திரும்பலாம். 60 விநாடிக்கு ஒருமுறை கட்டாயம் அனுப்பு என்று வைத்தால் இழப்பு சுமார் ஒரு நிமிடம். மேடம் சொன்ன எல்லைக்குள் வருகிறது.

நேரம்தான் இடித்தது. 140 ஜிபியை ஒரு ஜிகாபிட் நெட்வொர்க்கில் விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் இழுத்தாலும் 1,400 விநாடி, அதாவது 23 நிமிடத்துக்கு மேல். அதன் பிறகு வால் கோப்புகளை ஓட்ட வேண்டும். அதற்கும் முன்பு, ரீஸ்டோர் செய்ய, அதாவது பேக்கப்பிலிருந்து டேட்டாவை மீட்டெடுக்க, ஒரு மெஷின் தயாராக வேண்டும். அரை மணிக்குள் முடியாது. டேட்டாபேஸ் 40 ஜிபியாக இருந்திருந்தால் யோசிக்காமல் இதைத்தான் எடுத்திருப்பேன். இருப்பவற்றில் இதுதான் எளிமையானது, கெட்டுப்போக எதுவுமே இல்லை. இந்த வழியில் போகிறவர்கள் ஒன்றே ஒன்று செய்துவிடுங்கள்: ரீஸ்டோர் செய்து பாருங்கள். கிட்லேப்பில் அன்றிரவு தினசரி டம்ப், அதாவது டேட்டா முழுவதையும் கொட்டி எடுத்த நகல், இருக்கும் என்று தேடிப் போனபோது அங்கே ஒன்றுமே இல்லை. போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பில் ஓடிய டேட்டாபேஸை 9.2 பதிப்பின் கருவி டம்ப் எடுக்க முயன்று தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்ல வந்த மெயில்கள் நிராகரிக்கப்பட்டுவிட்டன. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட் ஒன்றுதான் காப்பாற்றியது.

நான்காவது, கிளவுடில் நிர்வகிக்கப்பட்ட சேவைக்குப் போவது. அமேசான் ஆர்டிஎஸ் போன்றவற்றில் மல்டி-ஏஇசட், அதாவது வேறோர் இடத்தில் தயாராக நிற்கும் நகல், வேண்டுமா வேண்டாமா என்பது ஒரு தேர்வு, பிற்பாடு மாற்றவும் செய்யலாம். எச்.ஏ. வைப்பதும் கழற்றுவதும் அங்கே அவர்கள் தலைவலி. எங்கள் அப்ளிகேஷன் முழுக்கச் சொந்த மெஷின்களில் இருக்கிறது, டேட்டாபேஸ் மட்டும் தூரப் போனால் ஒவ்வொரு கேள்விக்கும் போக வர நேரம் கூடும். முழுசாகப் போகும் எண்ணம் இப்போது இல்லை. அதனால் இதைப் பற்றி நீட்டவில்லை.

ஆக, எடுத்தது இரண்டாவது. முடிவை எழுத ஒரு பக்கம் போதும். கழற்றும் வேலைதான் பெரியது. கூட்டும்போது படிப்பதற்கு நிறையக் கிடைக்கிறது, கழற்றும்போது அவ்வளவு கிடைப்பதில்லை.

முதலில் முன்வாசல். பேட்ரோனி 8008 என்ற போர்ட்டில் "நான் பிரைமரியா இல்லையா" என்று பதில் சொல்லும். ஹெச்ஏபிராக்ஸி அதைக் கேட்டுத்தான் வழிவிடும். பேட்ரோனியை நிறுத்தினால் அங்கே பதில் வராது, எல்லா சர்வரும் செத்துவிட்டதாக ஹெச்ஏபிராக்ஸி முடிவு கட்டிவிடும். பின்னால் டேட்டாபேஸ் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். அதனால் அப்ளிகேஷன்களை நேரடி இணைப்புக்கு மாற்றி, ஹெச்ஏபிராக்ஸி வழியாக யாருமே வரவில்லை என்று ஒரு வாரம் பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொட்டோம். வாரக்கடைசியில் ஓடும் ஒரு ரிப்போர்ட் மட்டும் பழைய வழியில் வந்து மாட்டிக்கொண்டது.

அடுத்து, பேட்ரோனியை நேரே நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் போஸ்ட்கிரெஸையும் சேர்த்து நிறுத்தும், ரெப்ளிகா பதவி ஏறிவிடும். முதலில் கிளஸ்டரை, அதாவது மூன்று போஸ்ட்கிரெஸ் சர்வர்களையும் சேர்த்து, பேட்ரோனி தலையிடாத 'பாஸ்' (pause) நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த நிலையில் பேட்ரோனியை அணைத்தால் போஸ்ட்கிரெஸ் அப்படியே ஓடும். ஆனால் லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்-டியின் கோப்பில் 'கில்மோடு' என்பது 'புராசஸ்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேட்ரோனியின் கீழ் ஓடும் எல்லாவற்றையும் சிஸ்டம்-டி வாரிக்கொண்டு போய்விடும். போஸ்ட்கிரெஸ் அதன் குழந்தைதானே.

இப்போது ஓடும் போஸ்ட்கிரெஸுக்குத் தாய் தந்தை இல்லை. மெஷின் ரீபூட் ஆனால் யார் எழுப்புவார்கள்? பேட்ரோனி போட்ட நாளில் போஸ்ட்கிரெஸின் சொந்த சர்வீஸை முடக்கி வைத்திருப்போம். அதை உயிர்ப்பித்து, ஒருமுறை முறைப்படி நிறுத்தித் தொடங்க வேண்டும். ஒரு நிமிடம்தான் ஆகும். எங்களுக்கு மிக விசித்திரமான பொறி காத்திருந்ததும் அங்கேதான்.

அதிகபட்ச இணைப்புகள் போன்ற சில அமைப்புகளை பேட்ரோனி கான்ஃபிக் கோப்பில் எழுதுவதோடு, தொடக்கக் கட்டளையிலும் சேர்த்தே கொடுக்கும். கட்டளையில் கொடுத்தது எல்லாவற்றையும் மீறும். 'ஆல்டர் சிஸ்டம்' என்று உள்ளே இருந்து மாற்றியதையும்கூட. எங்களில் யாரோ எப்போதோ அதிகபட்ச இணைப்புகளை 60 என்று ஆல்டர் சிஸ்டம் போட்டிருக்கிறார்கள். வேலை செய்யவில்லை என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பேட்ரோனி 300 என்று கட்டளையில் கொடுத்துக்கொண்டிருந்ததால் அந்த 60 இத்தனை நாள் தூங்கிக்கொண்டிருந்தது. பேட்ரோனி இல்லாமல் தொடங்கியதும் எழுந்துகொண்டது. காலை 9.20 வரை ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் லாகின் ஆனதும், இணைப்பு இடமில்லை என்று வரிசையாகப் பிழை. ஆட்டோ கான்ஃபிக் என்று ஒரு கோப்பு டேட்டா டைரக்டரியில் இருக்கும், கழற்றுவதற்கு முந்தைய நாள் அதைத் திறந்து பாருங்கள்.

இன்னும் மூன்று, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சிங்க்ரனஸ் ரெப்ளிகா, அதாவது தனக்கும் வந்துவிட்டது என்று அது பதில் சொன்ன பிறகே பிரைமரி எழுத்தை முடிக்கும் ஏற்பாடு, வைத்திருந்தால், அதன் பெயர் பிரைமரியின் அமைப்பில் எழுதப்பட்டிருக்கும். வழக்கமாக ரெப்ளிகா போனால் பேட்ரோனியே பெயரை எடுத்துவிடும். இப்போது எடுக்க ஆளில்லை. அந்த ரெப்ளிகாவை அணைத்த நொடியில் ஒவ்வொரு கமிட்டும் வராத பதிலுக்காகக் காத்து நிற்கும். பிழைகூட வராது, அப்படியே நிற்கும். அடுத்து, ரெப்ளிகேஷன் ஸ்லாட்டுகள்: ஒவ்வொரு ரெப்ளிகாவும் எதுவரை வாங்கியிருக்கிறது என்று பிரைமரி வைத்திருக்கும் குறிப்பு. நீக்கிய மூன்றாவது சர்வருக்கான ஸ்லாட் பிரைமரியில் இருந்தால், அது திரும்பி வரும் என்று நம்பி வால் கோப்புகளை டிஸ்க் நிரம்பும்வரை சேர்த்துக்கொண்டே இருக்கும். 13ஆம் பதிப்பில் இதற்கு உச்சவரம்பு வைக்கும் வசதி வந்தது, ஆனால் நாமாக வைக்காவிட்டால் வரம்பே கிடையாது. மூன்றாவது எனக்குப் பிடித்தது: ரெப்ளிகா பிரைமரியோடு இணையும் பாஸ்வேர்ட் கோப்பு. பேட்ரோனியின் மாதிரி கான்ஃபிக்கில் அது டெம்ப் டைரக்டரியில் இருக்கும், பலரைப் போல நாங்களும் அப்படியே நகலெடுத்திருந்தோம். முன்பு தேவைப்படும்போதெல்லாம் பேட்ரோனி அதை மறுபடி எழுதிவிடும். கழற்றிய பத்தாம் நாள் ரெப்ளிகாவை ரீபூட் செய்தோம், டெம்ப் காலியானது, ரெப்ளிகா இணையவில்லை. தாமதத்தைக் கண்காணிக்கும் அலாரம் வைத்திருந்ததால் அரை மணியில் தெரிந்தது. அந்த அலாரம் இல்லாமல் இந்த வழிக்குப் போகாதீர்கள்.

கையால் பதவி ஏற்றும் முறையை ஒரு தாளில் எழுதி, சர்வர் ரூம் கதவில் ஒட்டியிருக்கிறோம். ஏழு வரி. முதல் வரி, பழைய பிரைமரி நிஜமாகவே அணைந்துவிட்டதா என்று பார்த்து, மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்கிறது. பிங் வரவில்லை என்பது போதாது, அது எழுந்து வந்து தன்னிடமும் நாலு பில் வாங்கிக்கொண்டால் இரண்டையும் சேர்ப்பதற்கு நாள் கணக்காகும். ரெப்ளிகா எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று குறித்துக்கொள்வது இரண்டாவது வரி. பதவி ஏற்றுவது நான்காவதில்தான் வருகிறது.

எட்சிடியின் மூன்று மெஷின்களும் இன்னும் அழிக்கப்படவில்லை, அணைத்து வைத்திருக்கிறோம். தீபாவளி தாண்டட்டும் என்று. போன சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை பார்த்தோம். நான் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறக்கவில்லை. பலகைப் படத்தைப் பார்த்துக் கேள்வி கேட்ட அதே தம்பி தாளைக் கையில் வைத்துக்கொண்டு செய்தான். பிரைமரியின் மின்சாரத்தைப் பிடுங்கியதிலிருந்து புது பில் ஒன்று உள்ளே போகும்வரை 11 நிமிடம். அதில் நாலு நிமிடம் எந்த வயர் என்று தேடியது. இப்போது வயரில் லேபிள் ஒட்டியாயிற்று.